ஏரிக்கரைப் பழைய மலைவிடுதியில் தங்குவது எப்படி: அறை தேர்வு முதல் கிளம்பும் காலை வரை

நூறு வருடம் பழைய மலைவிடுதியில் அறை கேட்கும்போது பெரும்பாலோர் கேட்கும் ஒரே கேள்வி, "ஏரி தெரியுமா?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது மட்டும் போதாது. இரவு தூக்கம் வருமா, குளியலறையில் சுடுதண்ணீர் வருமா, விடியற்காலையில் ஜன்னலைத் திறந்ததும் எதிர்மலையில் வெயில் விழுமா என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் கட்டடம். எந்த மரத்தால் கட்டியது, எப்படிச் சூடேற்றுகிறார்கள், எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வழிகாட்டி இவற்றையெல்லாம் மனதில் வைத்து, மாதம் தேர்வதில் தொடங்கிக் கிளம்பும் காலை வரை படிப்படியாகப் போகிறது.

முதல் படி: எந்த மாதம்?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 30 டிகிரி அடித்தால் 2,000 மீட்டர் உயரத்தில் பகலிலேயே 17 டிகிரிதான் இருக்கும், இரவில் இன்னும் இறங்கும். அதனால் பனி விழும் மலைகளில் பல பழைய விடுதிகள் வருடம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், 2,100 மீட்டருக்கு மேலே எரிமலைவாய் ஏரியின் விளிம்பில் நிற்கும் கிரேட்டர் லேக் லாட்ஜ் வழக்கமாக மே நடுவில் திறந்து அக்டோபர் நடுவில் மூடப்படும். சுவிட்சர்லாந்தின் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தில், ஏரியை ஒட்டி 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய துறவியர் விடுதி குளிர்காலத்திலும் வழிப்போக்கரை ஏற்கிறது. ஆனால் சாலை பனியில் மூடிவிடும், பனிச்சறுக்குப் பலகையோ பனிக்காலணியோ மாட்டி ஏறித்தான் போக வேண்டும். ஆக, விடுதி திறந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி, சாலை திறந்திருக்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பருவம் தொடங்கும் வாரங்களில் அருவிகள் நிரம்பி வழியும், கூட்டம் குறைவாக இருக்கும். ஆனால் மேல்பாதைகளில் பனி கிடக்கும், உருகிய ஈரத்தில் கொசு மொய்க்கும், மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த குழாய்களில் கோளாறுகள் தலைகாட்டுவதும் அப்போதுதான். கோடையின் கடைசியில் ஏரித்தண்ணீர் இருப்பதிலேயே வெதுவெதுப்பாக இருக்கும், ஏனென்றால் தண்ணீர் மெதுவாகச் சூடேறி மெதுவாகவே ஆறும். அதே காரணத்தால்தான் இலையுதிர் காலத்து விடியலில் ஏரிமேல் ஆவி எழும். காற்று குளிர்ந்துவிட்டது, தண்ணீர் இன்னும் குளிரவில்லை. அந்தக் காட்சிக்காகவே போகிறீர்கள் என்றால் பருவம் முடிய மூன்று நான்கு வாரம் இருக்கும்போது போவது நல்லது. எங்கள் தேர்வும் அதுதான்.

இரண்டாம் படி: முன்பதிவும் தொலைபேசிக் கேள்விகளும்

பேர்பெற்ற விடுதிகளில் அறைகள் குறைவு. கிரேட்டர் லேக் லாட்ஜில் மொத்தமே 71 அறைகள். இப்படிப்பட்ட இடங்களில் ஓராண்டு முன்பே பதிவு தொடங்கிவிடும், நல்ல அறைகள் அன்றைக்கே போய்விடும். பதிவு எந்த நாள், எந்த மணிக்குத் திறக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் இன்னொரு வாய்ப்பு உண்டு. பணத்தை முழுசாகத் திருப்பிக் கொடுக்கும் கடைசி நாள் எது என்று விடுதியின் விதியில் பாருங்கள். மனம் மாறியவர்கள் ரத்து செய்வது பெரும்பாலும் அந்தக் கெடுவுக்கு முந்தைய இரண்டு மூன்று நாளில்தான். அந்த நாட்களில் காலையும் மாலையும் தேடினால் அறை கண்ணில் படும். தொடர்ந்து மூன்று இரவு கேட்டால் கிடைக்காதது, வார நாளில் ஒரே இரவு கேட்டால் கிடைப்பதும் உண்டு.

இணையத்தில் பதிவு செய்தாலும் ஒருமுறை தொலைபேசியில் பேசிவிடுங்கள். கேட்க வேண்டியவை: அறை பழைய கட்டடத்திலா, பிறகு சேர்த்துக் கட்டிய பகுதியிலா? குளியலறை அறைக்குள்ளேயா, நடைபாதையிலா? லிப்ட் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனையாவது மாடி? அறைக்குச் சூடு எதிலிருந்து வருகிறது, அறையிலேயே கூட்டிக் குறைக்க முடியுமா? கட்டடத்தைக் கடைசியாகப் பெரிய அளவில் சீரமைத்தது எப்போது?

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. 1915இல் திறந்த கிரேட்டர் லேக் லாட்ஜ், கனத்த பனியைத் தாங்கும் வலு இல்லாமல் அவசரமாகவும் சிக்கனமாகவும் கட்டப்பட்டது. வருடாவருடம் பனியின் பாரம் அழுத்தி அழுத்தி, 1989இல் ஆபத்து என்று மூடிவிட்டார்கள். உள்ளே உறுதியான சட்டகம் எழுப்பி 1995இல்தான் மறுபடி திறந்தார்கள். வெளியே பழைய முகம், உள்ளே புதிய எலும்பு. இப்படிச் சீரமைத்த விடுதியில் சுவர் ஒலியைத் தடுக்கும், தீயணைப்புத் தெளிப்பான் இருக்கும், குளியலறை அறைக்குள்ளேயே இருக்கும். சீரமைக்காத விடுதியில் பழைய மரத்தின் அழகு முழுசாக இருக்கும், சத்தமும் குளிரும் கூடவே வரும். எது வேண்டும் என்று தெரிந்தே எடுங்கள்.

மூன்றாம் படி: அறையைத் தேர்ந்தெடுப்பது

முதலில் திசை. விடியலில் சிகரம் பொன்னிறமாவதைப் படுக்கையிலிருந்தே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் "கிழக்குப் பார்த்த அறை" கேட்டு ஏமாறுவார்கள். சூரியன் கிழக்கில் எழும்போது அதன் முதல் ஒளி விழுவது மேற்கே இருக்கும் மலைமுகத்தில். எனவே விடுதி ஏரியின் கிழக்குக் கரையில் இருந்து, அறை மேற்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1915இல் கிரேட் நார்தர்ன் ரயில் நிறுவனம் திறந்த மெனி கிளேசியர் ஹோட்டல் அப்படித்தான் நிற்கிறது. ஸ்விஃப்ட்கரன்ட் ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு மலைகளைப் பார்க்கும். கனடாவின் லூயிஸ் ஏரி விடுதியும் வடகிழக்கு முனையிலிருந்து தென்மேற்கே விக்டோரியா சிகரத்தை நோக்குகிறது. வரைபடத்தில் விடுதி, ஏரி, சிகரம் மூன்றையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். பள்ளத்தாக்கு குறுகலாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக ஓடுவதால் பிற்பகலிலேயே மலைக்குப் பின்னால் போய்விடும்.

ஏரியைப் பார்த்த அறையில் காற்றும் நேரே மோதும். கனடாவின் வாட்டர்ட்டன் ஏரிக்கு மேலே மேட்டில் 1927இல் திறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஹோட்டலைக் கட்டும்போதே காற்று சட்டகத்தை இடம் நகர்த்திவிட்டது. இன்றும் பலத்த காற்றில் மேல்மாடிகள் மெல்ல ஆடும். ஆட்டமும் கிறீச்சொலியும் மரக்கட்டடத்தின் இயல்பு, அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் சத்தத்துக்கு விழித்துக்கொள்கிறவர் இரண்டாம் மாடியோடு நின்றுவிடுவது நல்லது.

அடுத்தது சத்தம். மரத்தளத்தில் பேச்சொலியை விடக் காலடி ஓசைதான் கீழே இறங்கும். மேல்மாடியில் ஒருவர் செருப்போடு நடந்தால் கீழறைக்காரருக்குத் தலைமேல் நடப்பது போலிருக்கும். அதனால் காற்று அதிகம் மோதாத விடுதியில் தலைக்குமேல் அறை இல்லாத மாடிதான் அமைதி. அந்த மாடி கூரைச் சரிவுக்கு உள்ளே இருந்தால் பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும், உயரமானவர்கள் நிமிர்ந்தால் தலையும் இடிக்கும். படிக்கட்டை ஒட்டிய அறை, சமையற்கட்டுக்கு மேலுள்ள அறை, பொதுக் குளியலறைக்குச் சுவர் பகிரும் அறை, இந்த மூன்றும் வேண்டாம் என்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நடைபாதையின் கோடியில் இருக்கும் மூலை அறை கிடைத்தால் விடாதீர்கள்.

நான்காம் படி: எடுத்துப்போக வேண்டியவை

அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றும் கம்பளி உடை, காற்று புகாத மேலங்கி, அறைக்குள் போட மெத்தென்ற அடியுள்ள செருப்பு (கீழறைக்காரர் உங்களை வாழ்த்துவார்), காதடைப்பான், தலையில் மாட்டும் டார்ச், ஒரு நீள வயரோடு கூடிய பிளக் பலகை. பழைய அறைகளில் பிளக் துளை ஒன்றோ இரண்டோதான், அதுவும் படுக்கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும். கணப்பு (சுவரோடு கட்டிய, விறகெரிக்கும் அடுப்பு) உள்ள அறை என்றால், மின்கலத்தில் ஓடும் கையடக்கக் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. வெயில் கண்ணாடியும் தேவை. 1,000 மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்று புறஊதாக் கதிர் கூடிக்கொண்டே போகும், பனி கிடந்தால் அதுவும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும்.

ஐந்தாம் படி: போய்ச் சேர்ந்த முதல் ஒரு மணி நேரம்

பெட்டியைப் பிரிக்கும் முன் அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நடைபாதையில் இரண்டு திசையிலும் வெளியேறும் கதவு எங்கே என்று கண்டுபிடித்து, உங்கள் அறையிலிருந்து அதுவரை எத்தனை கதவு என்று விரல் விட்டு எண்ணுங்கள். புகை சூழ்ந்தால் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டு கதவு எண்ணித்தான் போக வேண்டும். பழைய மரக்கட்டடங்கள் சிலவற்றில் சுவருக்குள் இருக்கும் இடைவெளி கீழ்த்தளத்திலிருந்து கூரைவரை அடைப்பில்லாமல் ஓடும், தீ அதன் வழியாகச் சட்டென்று மேலேறிவிடும். லூயிஸ் ஏரி விடுதியின் பழைய மரப்பகுதி 1924இல் தீயில் அழிந்தது. இரவில் காலணியையும் டார்ச்சையும் கட்டிலடியில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

மேலும் கீழும் தூக்கித் திறக்கும் ஜன்னலாக இருந்தால் கவனம் தேவை. சட்டத்துக்குள் கயிற்றில் தொங்கும் எடைக்கல்தான் ஜன்னலைப் பிடித்து நிறுத்துகிறது. கயிறு அறுந்திருந்தால் தூக்கிய ஜன்னல் தடாலென்று விரல்மேல் விழும். முதலில் ஒரு சாண் தூக்கி, அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு, மெல்லக் கையை எடுத்துப் பாருங்கள். கட்டைமேல் வந்து உட்கார்ந்துவிட்டால் கயிறு போய்விட்டது என்று அர்த்தம், வரவேற்பறையில் சொல்லிவிடுங்கள்.

விடுதி 2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் முதல் நாள் ஏரிக்கரையில் மெதுநடை போதும். மலைநோய் பெரும்பாலும் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, குமட்டல், களைப்பு என்று தலைகாட்டும். முதல் இரவு மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம், உடனே கீழே இறங்குங்கள்.

ரேடியேட்டர்: இரவுத் தூக்கத்தின் சாவி

பழைய விடுதிகளைப் பற்றிய குறைகளில் "ராத்திரி முழுக்க யாரோ சுத்தியலால் அடித்தார்கள்" என்பதற்கு முக்கிய இடம் உண்டு. அடித்தது யாருமில்லை, பெரும்பாலும் பாதி மூடிய வால்வுதான். ஜன்னலடியில் இருக்கும் இரும்பு ரேடியேட்டரை, அதாவது உள்ளே நீராவியோ சுடுநீரோ ஓடி அறையைச் சூடேற்றும் இரும்புச் சாதனத்தை, உட்கார்ந்து பாருங்கள். கீழே ஒரே ஒரு குழாய் வந்து சேர்ந்து, எதிர்ப்பக்கம் துப்பாக்கிக் குண்டு வடிவில் சிறிய வெள்ளி நிறக் குமிழ் இருந்தால் அது ஒற்றைக் குழாய் நீராவி ரேடியேட்டர். மேலே ஏறும் நீராவிக்கும், குளிர்ந்து தண்ணீராகித் திரும்புவதற்கும் அந்த ஒரே குழாய்தான் வழி. வால்வைப் பாதி மூடினால் நீராவி நுழைந்துவிடும், ஆனால் தண்ணீர் இறங்க இடம் போதாது. தேங்கிய தண்ணீரை நீராவி வேகமாகத் தள்ள, அது இரும்பில் மோதும். அதுதான் அந்தச் சுத்தியல் ஓசை.

ஆகவே ஒற்றைக் குழாய் ரேடியேட்டரின் வால்வு ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும். அறை அதிகம் சூடானால் முழுக்க மூடிவிடுங்கள். சூடேறும்போது குமிழிலிருந்து "ஸ்ஸ்" என்று காற்று வெளியேறுவது இயல்பு. ஆனால் தண்ணீர் துப்பினாலோ, நீராவி நிற்காமல் வந்தாலோ குமிழ் கெட்டுவிட்டது. ஈரத் துணியை அந்தக் குமிழ்மேல் போடாதீர்கள், காற்று வெளியேற முடியாமல் ரேடியேட்டர் பாதி குளிர்ந்தே கிடக்கும். இரும்பு தொட்டால் சுடும் அளவுக்குக் காயும், குழந்தைகள் கட்டிலை அதிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

இரண்டு குழாய் இருந்து, அடி சூடாகவும் தலை குளிராகவும் இருந்தால் அது பெரும்பாலும் சுடுநீர் ரேடியேட்டர், மேலே காற்று அடைத்திருக்கிறது. பக்கவாட்டில் உள்ள சிறு திருகைச் சாவியால் திறந்து காற்றை விட வேண்டும். நீங்களே செய்யாதீர்கள். கூடவே வரும் கருந்தண்ணீர் கம்பளத்தைப் பாழாக்கிவிடும். பணியாளருக்கு அது ஐந்து நிமிட வேலை.

கணப்பு

அறையில் கணப்பு இருந்தாலே எரிக்கலாம் என்று அர்த்தமில்லை. பல இடங்களில் அது அலங்காரம் மட்டுமே, புகைப்போக்கியை மேலே அடைத்திருப்பார்கள். கேட்டுவிட்டுத் தொடுங்கள். அனுமதி உண்டென்றால் முதலில் புகைவழித் தகட்டை (புகைப்போக்கியைத் திறந்து மூடும் தகடு) திறந்து, டார்ச் அடித்து மேலே பாருங்கள். குளிர்ந்த புகைப்போக்கிக்குள் கனத்த குளிர்காற்று நிற்கும். அப்படியே விறகைப் பற்றவைத்தால் புகை அறைக்குள் திரும்பும். சுருட்டிய காகிதத்தைக் கொளுத்திப் புகைவழியின் வாயருகே ஒரு நிமிடம் பிடித்தால் காற்று சூடாகி மேலிழுக்கத் தொடங்கும். காகிதச் சுடர் மேலே சாய்வதைப் பார்த்த பிறகே விறகை அடுக்குங்கள். காய்ந்த விறகு இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், ஈர விறகு "தொம்" என்று மந்தமாக ஒலிக்கும். தணல் முழுக்க அணைந்து சாம்பல் ஆறும்வரை தகட்டை மூடக்கூடாது. சூடு வெளியே போய்விடுகிறதே என்று தூங்கப் போகும் முன் மூடுவதுதான் உயிரைப் பறிக்கும் தவறு.

தண்ணீரும் மின்சாரமும்

நீளமான பழைய கட்டடத்தில் கொதிகலன் ஒரு கோடியில் இருக்கும், உங்கள் அறை மறுகோடியில் இருக்கும். சுடுதண்ணீர் வர சில நிமிடங்கள் ஆகலாம், பொறுத்திருங்கள். காலை 7 முதல் 8 வரை எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பதால் தொட்டி தீர்ந்துவிடும். முந்தின மாலையோ விடியலுக்கு முன்போ குளித்துவிடுவது உத்தமம். பக்கத்து அறையில் கழிப்பறைத் தண்ணீரை இழுத்துவிட்டால் உங்கள் குழாயில் குளிர்நீரின் அழுத்தம் சட்டென்று குறைந்து கொதிநீர் மட்டும் கொட்டும். அதனால் கலவையைச் சரிசெய்யும்போது தலையை நேரே காட்டாமல் ஓரமாக நில்லுங்கள்.

ஹீட்டர், கெட்டில், முடி உலர்த்தி மூன்றையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். பழைய வயரிங்கில் ஒரே இணைப்பில் நான்கைந்து அறைகள் இருக்கலாம். ஃப்யூஸ் போனால் இருட்டில் தவிப்பது நீங்கள் மட்டுமல்ல. தண்ணீர் கொதித்தும் தேநீர் சாறு இறங்காமல் சப்பென்று இருந்தால் இலைமேல் பழி வேண்டாம். 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும், 2,400 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். இலையைக் கூடுதலாக இரண்டு நிமிடம் ஊறவிடுங்கள்.

தின்பண்டத்தை மூடி இறுகிய தகரப் பெட்டியில் வையுங்கள், மரச்சுவர் என்றாலே எலிக்கு ராஜபாட்டைதான். கரடி நடமாடும் இடமென்றால் பால்கனியிலோ காரிலோ உணவு வைக்கக்கூடாது.

ஏரி

படகு ஓட்ட விடிகாலைதான் நேரம். இரவெல்லாம் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும், ஏரி கண்ணாடி போல் கிடக்கும். வெயில் ஏறச் சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கும். முற்பகலுக்குப் பின் அலை எழும். போகும்போது காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் போனால், களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். முதல் இடியோசை கேட்டதுமே கரையேறிவிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகும்வரை தண்ணீரில் இறங்க வேண்டாம்.

வெயிலடிக்கிறதே என்று குதிப்பவர்களுக்கு: உருகிய பனித்தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் உடல் அதிர்ந்து போகும். முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்த முடியாமல் வாங்கும், அப்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதோடு முடிந்தது. அதன்பின் சுமார் 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகலாம், ஆனால் கைகால் அதற்கு வெகுமுன்பே ஓய்ந்துவிடும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகில் கால் வைக்காதீர்கள், நீந்தத் தெரிந்தாலும்தான். குளிக்க ஆசையென்றால் கரையோரத்தில் மெல்ல இறங்கி, மூச்சு சீரான பிறகு இடுப்பளவு ஆழத்துக்குப் போங்கள்.

உறைந்த ஏரியில் நடக்கத் தெளிந்த, கருமையான பனிக்கட்டி குறைந்தது 10 சென்டிமீட்டர் கனம் இருக்க வேண்டும். வெண்பனிக்கட்டிக்கு அதில் பாதி வலுதான், அதனால் இரு மடங்கு கனம் பாருங்கள். ஓடை வந்து சேருமிடத்திலும் ஏரி வழிந்தோடுமிடத்திலும் கனம் எப்போதும் குறைவு.

கட்டடத்தையும் ஏரிப்பக்கத்திலிருந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். மொன்டானாவில் 1914இல் திறந்த லேக் மெக்டொனால்ட் லாட்ஜின் உண்மையான முகப்பு ஏரியைப் பார்த்துதான் இருக்கிறது, ஏனென்றால் அன்று சாலை இல்லை, விருந்தினர் படகில் வந்தார்கள். இன்று காரில் வந்து நுழைபவர்கள் கொல்லைப்புறமாக நுழைகிறார்கள். படகுத்துறையில் நின்று திரும்பிப் பார்த்தால்தான் தாழ்வாரமும் சரிந்த கூரையும் யாரை வரவேற்கக் கட்டினார்கள் என்பது புரியும். கூடத்தில் தூணாக நிற்கும் முழு தேவதாரு மரங்களையும் அப்படியே தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கிளம்பும் காலை

விடியலுக்கு முன் புறப்படுவதைத் தவிர்க்கலாம். வானம் தெளிந்த இரவுக்குப் பின் பள்ளத்தாக்கின் அடியில் மேட்டை விடக் குளிர் அதிகம், ஏரியாவி சாலைமேல் படிந்து கண்ணாடிப் பனியாக உறைந்திருக்கும். பாலங்களும் மரநிழல் விழும் வளைவுகளும் கடைசியாகத்தான் உருகும். காரைக் கால்மணி நேரம் முன்பே பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணாடியில் பனி படிந்திருந்தால் கொதிநீர் ஊற்றாமல் சுரண்டி எடுங்கள், ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். அறை ரேடியேட்டர்மேல் காயப்போட்ட காலுறையை எடுத்துக்கொண்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள்.